மேல் குன்னூர்ப் பழம்பொருள் கடையும் கடலடி வெள்ளியும்

நீலகிரியில் பழம்பொருள் கடைகளுக்குப் பஞ்சமில்லை; பொருளின் வரலாறு தெரிந்து விற்கும் கடைகளுக்குத்தான் பஞ்சம். சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில், ஏதோ ஒரு லண்டன் கம்பெனியின் பெயரும் 1917 என்ற ஆண்டும் பொறித்த பித்தளைத் திசைகாட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கப்பலையும் கண்டவை அல்ல. அண்மையில் பட்டறையில் வார்த்து, அமிலத்தில் நனைத்துக் கறுக்க வைத்தவை. இப்படிப்பட்ட சந்தையில், மேல் குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் முன்கட்டில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடக்கும் கடை ஒன்று விரிவான மதிப்புரைக்குத் தகுதியானது. அங்கே ஒரு முழு அலமாரி, இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களால் மூழ்கடிக்கப்பட்ட வணிகக் கப்பல்கள் தொடர்பான பொருட்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மலை ஊரில் கடற்போர்ப் பொருட்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி நியாயமானதுதான். தேயிலைத் தோட்டத் துரைமார்களும், ஓய்வுபெற்ற ராணுவத்தினரும், கப்பல் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களும் 1947-க்குப் பிறகும் தாயகம் திரும்பாமல் குன்னூரிலும் உதகையிலும் கோத்தகிரியிலும் தங்கிவிட்டனர். அவர்கள் காலமான பின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மேசை, நாற்காலி, பீங்கான் ஆகியவற்றுக்கு ஆள் இருந்தது. காகிதங்கள் அடைத்த தகரப் பெட்டிகளை எவரும் சீந்தவில்லை. அவற்றைச் சல்லிசாக வாங்கிச் சேர்த்தவர் இன்றைய கடைக்காரரின் தந்தை. மகன் அவற்றைப் படித்து வகைப்படுத்தியிருக்கிறார். இந்த இரண்டாவது வேலைதான் கடையின் உண்மையான முதலீடு.

இந்த அலமாரியின் ஒவ்வொரு பொருளுடனும் ஒரு அட்டை வைக்கப்பட்டிருக்கிறது. பொருள் எது, எங்கிருந்து வந்தது, அது தொடர்பான கப்பல் எது, அக்கப்பலுக்கு என்ன நேர்ந்தது, இந்தப் பொருளுக்கும் அந்தக் கப்பலுக்கும் உள்ள தொடர்பு நேரடியானதா, மறைமுகமானதா என்பதெல்லாம் அதில் தட்டச்சில் இருக்கும். கடைசி விவரம்தான் முக்கியமானது. உதாரணமாக, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பம்பாய்–டர்பன் தடத்துக்குரிய பயணப் பெட்டிச் சீட்டு ஒன்று அங்கே விற்பனைக்கு இருக்கிறது. அதே தடத்தில் சென்று மூழ்கிய திலாவா கப்பலின் கதையை அட்டை சொல்கிறது. ஆனால் இந்தச் சீட்டு அந்தக் கப்பலில் இருந்ததல்ல என்றும் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. வேறு கடையாக இருந்தால், இதே சீட்டுக்குத் "திலாவாவில் தப்பியது" என்று ஒரு பூமாலை சூட்டி, விலையைப் பத்து மடங்காக்கியிருப்பார்கள்.

அந்தக் கம்பெனியின் பெயர் தமிழர்களுக்குப் புதிதன்று. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ரஜூலா அதே கம்பெனியின் கப்பல். கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் அதன் அடையாளம். ரஜூலா போரில் தப்பி 1970-கள் வரை ஓடியது. அதே கம்பெனியின் வேறு கப்பல்கள் பல அப்படித் தப்பவில்லை. அலமாரியின் முதல் தட்டில் ரஜூலாவின் பட அஞ்சலட்டையை வைத்து, அதன் கீழ்த்தட்டுகளில் மூழ்கியவற்றை வரிசைப்படுத்தியிருப்பது கடைக்காரரின் ரசனைக்குச் சான்று.

நான் வாங்கியது ஒரு வெள்ளி நாணயம். பிரிட்டனின் அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட் வெளியிட்ட கால் அவுன்ஸ் பிரிட்டானியா நாணயம் அது. ஒரு பக்கம் இரண்டாம் எலிசபெத் அரசியின் தலை, மறுபக்கம் பிரிட்டனை உருவகிக்கும் பிரிட்டானியா என்ற பெண்ணுருவம். ஆயிரத்துக்கு 999 தூய்மை. பார்வைக்குச் சாதாரணமானதுதான். அதன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் "எஸ்.எஸ். கேர்சொப்பா" என்ற பெயர் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 1941-இல் அட்லாண்டிக்கின் அடியில் போன வெள்ளி, எழுபதாண்டுகளுக்குப் பின் மேலே வந்து நாணயமாகியிருக்கிறது என்பதே அதன் பொருள். விலை 6,500 ரூபாய். அதன் வெள்ளி மதிப்பைவிட இது பல மடங்கு அதிகம். ஆனால் இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துச் சுங்கமும் கட்டினால் ஆகும் தொகையை ஒட்டியதே என்பதால் குறைசொல்ல இடமில்லை. ராயல் மின்ட் அளித்த பெட்டியும் சான்றுத்தாளும் சேதமின்றி இருந்தன. சான்றுத்தாள் இல்லாத நாணயத்தைத் தாம் வாங்குவதில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

நாணயத்துடன் வந்த அட்டையை வீட்டுக்கு வந்து வரி வரியாகச் சரிபார்த்தேன். கடையின் தரத்தை அளக்க அதுவே சரியான அளவுகோல். கேர்சொப்பா 1919-இல் இங்கிலாந்தின் ஜாரோவில் கட்டப்பட்ட சுமார் 5,200 டன் சரக்குக் கப்பல். கர்நாடகத்து நீர்வீழ்ச்சியின் பெயரை அது தாங்கியிருந்தது. 1940 டிசம்பரில் கல்கத்தாவில் கச்சா இரும்பு, தேயிலை, வெள்ளிக் கட்டிகள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுன் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து ஜனவரி இறுதியில் எஸ்.எல். 64 என்ற கப்பல் கூட்டத்துடன் பிரிட்டனை நோக்கிப் புறப்பட்டது. இவை அனைத்தும் அட்டையில் சரியாகவே இருக்கின்றன.

அட்டையில் மிகச் சிறப்பாக எழுதப்பட்டிருக்கும் பகுதி, கப்பல் ஏன் கூட்டத்தைவிட்டு விலகியது என்பது. போர்க்காலத்தில் வணிகக் கப்பல்கள் கூட்டமாகச் செல்வதன் நோக்கம் பாதுகாப்பு. அதன் விலை வேகம். கூட்டத்தில் மிக மெதுவான கப்பலின் வேகமே எல்லாருடைய வேகமும் ஆகும். பாரம் மிகுந்த கேர்சொப்பாவால் குளிர்கால அட்லாண்டிக்கின் சீற்றத்தில் அந்த வேகத்துக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. நிலக்கரியும் தீர்ந்துகொண்டு வந்தது. பிரிட்டனை அடையும் வரை கரி போதாது என்று கணித்த கேப்டன் ஜெரால்ட் ஹைலண்ட், கூட்டத்தைவிட்டு விலகி அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் தனியே திரும்பினார். பிப்ரவரி 16 காலையில் ஜெர்மன் ரோந்து விமானம் ஒன்று கப்பலை வட்டமிட்டுச் சென்றது. அன்றிரவு, நள்ளிரவை ஒட்டிய நேரத்தில், எர்ன்ஸ்ட் மெங்கர்சன் தலைமையிலான யு-101 நீர்மூழ்கி எய்த டார்பீடோ கப்பலின் முன்பகுதிச் சரக்கறையைத் தாக்கியது. சுமார் இருபது நிமிடங்களில் கப்பல் மூழ்கியது.

சில நூல்கள் இச்சம்பவத்தைப் பிப்ரவரி 16 என்றும் சில 17 என்றும் குறிப்பிடுகின்றன. ஜெர்மன் நீர்மூழ்கிகள் உலகின் எந்தக் கடலில் இருந்தாலும் தங்கள் நாட்டு நேரத்தையே பதிவேட்டில் எழுதின. அதனால்தான் இந்த வேறுபாடு என்று அட்டையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் விளக்கம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் எவரும் இதைக் கேட்டிருக்கப் போவதில்லை. கேளாமலே எழுதிவைப்பவரின் பேச்சை மற்ற விஷயங்களிலும் நம்பலாம் என்பது என் கருத்து.

தாக்குதலுக்குப் பின் நேர்ந்தது அதைவிடக் கொடியது. கப்பலில் எண்பதைத் தாண்டிய மாலுமிகள் இருந்தனர். உயிர்காப்புப் படகுகள் இறக்கப்பட்டாலும், இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் ஏயர்ஸ் பொறுப்பிலிருந்த ஒன்று மட்டுமே நெடுந்தூரம் சென்றது. குளிரிலும் தாகத்திலும் படகிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தனர். பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலின் லிசார்ட் முனை அருகே கரை தென்பட்டது. உயிரோடு எஞ்சியிருந்த சிலரும் கரையோரப் பாறைகளுக்கிடையே படகு கவிழ்ந்ததில் அலைக்கு இரையானார்கள். கரையிலிருந்து இதைக் கண்ட சிறுமிகள் ஆளை அழைத்து வந்ததால் ஏயர்ஸ் ஒருவர் மட்டும் பிழைத்தார். பின்னர் அவருக்கு எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது அளிக்கப்பட்டது, உடல் தேறியதும் அவர் மீண்டும் கடலுக்கே போனார்.

வெள்ளியின் மறுபாதிக் கதையையும் அட்டை நன்றாகவே சொல்கிறது. போர் அபாயக் காப்பீட்டின்படி பிரிட்டிஷ் அரசு வெள்ளிக்கு இழப்பீடு தந்துவிட்டதால், மூழ்கிய வெள்ளி அரசுக்குச் சொந்தமாயிற்று. 2010-இல் அமெரிக்காவின் ஒடிஸி மரைன் நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் செய்தது. மீட்பதில் எண்பது சதவீதம் நிறுவனத்துக்கு, மீதி அரசுக்கு. 2011-இல் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. அது கிடந்த ஆழம் சுமார் 4,700 மீட்டர். டைட்டானிக் கிடப்பதைவிட ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அதிகம். 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 2,792 வெள்ளிக் கட்டிகள், அதாவது ஏறத்தாழ நூறு டன், ரோபோ இயந்திரங்களின் உதவியால் மேலே கொண்டுவரப்பட்டன. என் கையில் இருப்பது அதில் எட்டு கிராமுக்கும் குறைவு.

வெள்ளியைவிட வியப்பானது அதே கப்பலில் கிடைத்த கடிதங்கள். இந்தியாவிலிருந்து 1940 இறுதியில் எழுதப்பட்ட 700-க்கும் மேற்பட்ட கடிதங்கள், வெளிச்சமும் பிராணவாயுவும் எட்டாத சரக்குக் குவியலின் அடியில், எழுத்து அழியாமல் இருந்தன. அவற்றில் சிலவற்றை 2018-இல் லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. நீலகிரியில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் புத்தக அலமாரியில் பூஞ்சணம் பிடிப்பதைக் கண்டவர்களுக்கு, எழுபதாண்டு கடலடியில் காகிதம் பிழைத்தது நம்ப முடியாததாக இருக்கும். பூஞ்சணத்துக்குத் தேவையான காற்று அங்கே இல்லை. இங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கடையிலுள்ள தேயிலைப் பெட்டியையும் குறிப்பிட வேண்டும். ஒட்டுப்பலகையால் செய்து, ஓரங்களில் தகரப் பட்டை அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய வகைப் பெட்டி. தோட்டத்தின் பெயர், தூளின் ரகம், வரிசை எண் ஆகியவை வெளியே மையால் அச்சிடப்பட்டிருக்கின்றன. தோட்ட லயங்களில் துணி வைக்கவும் அரிசி கொட்டி வைக்கவும் இத்தகைய பெட்டிகள் பயன்பட்டதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1940 ஜூலையில் பிரிட்டனில் தேயிலை பங்கீட்டுக்கு உள்ளானது. ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவுதான். அந்த 57 கிராமைத் தட்டில்லாமல் கொடுக்கத்தான் இந்த மரப்பெட்டிகள் நீர்மூழ்கிகள் உலவிய கடலைக் கடந்தன. கப்பலில் கச்சா இரும்பு அடியிலும் தேயிலை மேலேயும் அடுக்கப்படும்: இரும்பு குறைந்த இடத்தில் முழுப் பாரத்தையும் எட்டிவிடும், தேயிலை இடத்தை அடைத்தாலும் எடை நிற்காது. இரும்பு ஏற்றிய கப்பல் துளைபட்டால் மிக விரைவில் மூழ்கிப்போவது மாலுமிகள் அறிந்த விஷயம். அப்படிப்பட்ட கப்பலில் வேலை பார்த்தவர்கள் தூக்கத்திலும் சட்டையைக் கழற்றவில்லை என்பதில் வியப்பில்லை.

கடையின் தேயிலைப் பெட்டியைக் கேர்சொப்பாவுடன் இணைத்துப் பேசக் கடைக்காரர் இடம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரித் தூள் கொச்சி, கோழிக்கோடு வழியாகக் கடல் ஏறியது. கேர்சொப்பா சரக்கு ஏற்றியதோ கல்கத்தாவில். அட்டையில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. பெட்டிக்கு 4,000 ரூபாய் கேட்கிறார். அடிப்பலகையில் செல் அரித்திருப்பதால் அது சற்று அதிகம்.

இனி நான் கண்ட முக்கியமான குறைக்கு வருகிறேன். கேர்சொப்பா அட்டையில் கேப்டனின் பெயர் இருக்கிறது, இரண்டாம் அதிகாரியின் பெயர் இருக்கிறது, ஜெர்மன் தளபதியின் பெயர் இருக்கிறது, மீட்ட நிறுவனத்தின் பெயரும் அதன் பங்கு விகிதமும்கூட இருக்கின்றன. ஆனால் அந்தக் கப்பலின் மாலுமிகளில் பெரும்பாலோர் லஸ்கார்கள் என்று அழைக்கப்பட்ட நம் நாட்டுக்காரர்கள் என்பது ஒரு சொல்லாகக்கூட இல்லை. உலைக்கரி தள்ளியவர்களும், மேல்தளத்தில் வேலை பார்த்தவர்களும், சமையல் செய்தவர்களும் அவர்களே. போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் லஸ்கார். சில்ஹெட், சிட்டகாங், ரத்னகிரி, கோவா ஆகிய பகுதிகளிலிருந்து சென்றவர்கள் அவர்கள். வெள்ளை மாலுமி பெற்றதில் சிறு பங்கே அவர்களுக்குக் கூலி. 1939 இறுதியில் போர் ஆபத்துக்கு ஏற்ற ஊதியம் கேட்டு அவர்கள் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். சிலருக்குச் சிறையும் கிடைத்தது.

இந்தப் போரில் இறந்து கல்லறை இல்லாத பிரிட்டிஷ் வணிகக் கடற்படையினர் ஏறத்தாழ 24,000 பேரின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவுச் சின்னத்தில் வெண்கலத் தகடுகளில் இருக்கின்றன. இந்திய மாலுமிகளுக்குச் சிட்டகாங்கிலும் மும்பையிலும் நினைவிடம் வகுக்கப்பட்டது. அங்கே பெயர்கள் சுவரில் அன்று, பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் இருக்கும் சுமார் 6,000 பெயர்களை இதுவரை எத்தனை பேர் திறந்து படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. குன்னூர்க் கடையில், தமிழ் வாடிக்கையாளருக்காக எழுதப்படும் அட்டையும் அவர்களை விட்டுவிடுவது ஏற்கத்தக்கதன்று. இதைக் கடைக்காரரிடம் நேரிலேயே சொன்னேன். தாம் பார்த்த ஆங்கில நூல்கள் எப்படி எழுதியிருந்தனவோ அப்படியே தாமும் எழுதிவிட்டதாகவும், அடுத்த முறை அட்டை அடிக்கும்போது சேர்ப்பதாகவும் பதில் சொன்னார், வாதம் செய்யவில்லை. வாடிக்கையாளர் குறை சொன்னால் முகம் சுளிக்காத கடைக்காரரைக் காண்பதே அரிது என்பதால் இதையும் மதிப்பில் சேர்க்கிறேன்.

திலாவா அட்டையில் இந்தக் குறை இல்லை. அந்தக் கப்பலில் பயணிகளே பெரும்பாலும் இந்தியர்கள் என்பதால் தவிர்க்கவும் முடியாது. 1942 நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து மொம்பாசா, டர்பன் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்ட திலாவாவில் 958 பேர் இருந்தனர். நவம்பர் 23 அதிகாலையில் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி அதைத் தாக்கியது. முதல் டார்பீடோவுக்குப் பின் படகில் ஏறியவர்களில் சிலர், கப்பல் மிதந்துகொண்டே இருப்பதைக் கண்டு திரும்பி ஏறத் தொடங்கிய வேளையில் இரண்டாவது டார்பீடோ தாக்கியது. 280 பேர் இறந்தனர். 678 பேரை மீட்டவற்றுள் பெரும் பங்கு எச்.எம்.எஸ். பர்மிங்காம் போர்க்கப்பலுடையது. தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிப்பதற்காக வாங்கிய 2,364 வெள்ளிக் கட்டிகளும் கப்பலோடு போயின. 2017-இல் ஒரு தனியார் நிறுவனம் அவற்றை மீட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றதும், தென்னாப்பிரிக்காவுடன் நடந்த வழக்கு பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போய், 2024-இல் தீர்ப்பு தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாக வந்ததும் அட்டையில் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. பழம்பொருள் கடையில் நடப்புச் செய்தி சேர்க்கப்படுவது நல்ல பழக்கம்.

இதே அலமாரியில், இரண்டு தட்டுகள் தள்ளி, நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) இயக்கத்துக்கான அஞ்சல்தலைகள் விற்பனைக்கு இருக்கின்றன. 1943-இல் பெர்லினில் அச்சிடப்பட்டு, எந்த அஞ்சலிலும் பயன்படாமலே போனவை; போலிகள் ஏராளம் என்பதால் தாளையும் பல்விளிம்பையும் காட்டி விளக்கிய பிறகே கடைக்காரர் விற்கிறார். நேதாஜியின் படம் சுவரில் இல்லாத தமிழ் வீடு அந்தக் காலத்தில் குறைவு. எனவே அவற்றுக்கு விலை ஏறியே இருக்கிறது. அந்த அட்டையில் சொல்லப்படாத ஒரு தொடர்பை வாசகர்கள் அறிய வேண்டும். 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 நீர்மூழ்கியில் புறப்பட்ட சுபாஷ் சந்திர போஸ், ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். அவரை ஏற்றிக்கொண்டு மே 6 அன்று சுமத்ராவின் வடமுனையை அடுத்த தீவில் உள்ள சபாங்கில் சேர்த்தது, ஐந்து மாதங்களுக்கு முன்பு திலாவாவை மூழ்கடித்த அதே ஐ-29. அவர் முதலில் ஏறிச் சென்ற யு-180-உம் வழியில், ஏப்ரல் 18 அன்று, கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்திருந்தது. அப்போது போஸ் உள்ளேதான் இருந்தார்.

போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த மலேயாத் தமிழர்களுக்கு ஐ-29 கொண்டுவந்து சேர்த்தது ஒரு தலைவரை; கிழக்கு ஆப்பிரிக்காவில் கடை வைத்திருந்த குஜராத்திக் குடும்பங்களுக்கு அது கொண்டுவந்து சேர்த்தது இழவுச் செய்தியை. இரண்டையும் ஒரே அட்டையில் எழுத ஒருவருக்குத் துணிவு வேண்டும். இதைச் சொன்னபோது கடைக்காரர் பதில் எதுவும் தரவில்லை. அஞ்சல்தலை வாங்க வருகிறவர் மனம் கோணக்கூடும் என்ற தயக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. வியாபாரி என்ற முறையில் அது புரிந்துகொள்ளத்தக்கதே. நான் அட்டைகளுக்காகவே அந்தக் கடைக்குப் போகிறவன் என்பதால், எனக்கு அது நிறைவளிக்கவில்லை.

நேர்மைக்கு மற்றோர் எடுத்துக்காட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கும் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்கள். 1942 அக்டோபரில் பம்பாயிலிருந்து புறப்பட்ட சிட்டி ஆஃப் கெய்ரோ என்ற கப்பலில் இந்தியாவிலிருந்து திரும்பப் பெறப்பட்ட வெள்ளி ரூபாய்கள் 2,000 பெட்டிகளில் இருந்தன. நவம்பர் 6 அன்று தென் அட்லாண்டிக்கில் யு-68 அதை மூழ்கடித்தது. கப்பலைவிட்டு இறங்கிய படகுகளை நோக்கி, மூழ்கடித்ததற்கு வருந்துவதாகக் கூறி இரவு வணக்கம் சொல்லிவிட்டு நீர்மூழ்கித் தளபதி மெர்ட்டன் விலகிச் சென்றது புகழ்பெற்ற நிகழ்வு. 5,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட ரூபாய்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. ஆகவே "சிட்டி ஆஃப் கெய்ரோ ரூபாய்" என்று யாரேனும் விற்க வந்தால் மிகுந்த சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். இந்தக் கடையில் கிண்ணத்து ரூபாய்கள் வெறும் ரூபாய்களாகவே, வெள்ளியின் அன்றைய விலையையொட்டி, விற்கப்படுகின்றன.

பராமரிப்பு மிக நன்று. அலமாரியின் அடியில் குறைந்த வாட் மின்விளக்கு ஒன்று இரவும் பகலும் எரிகிறது; மலை வீடுகளில் துணி அலமாரிக்குச் செய்யும் பழைய உபாயம்தான், காகிதத்துக்கும் பொருந்துகிறது. அஞ்சலட்டைகளும் சீட்டுகளும் அமிலமில்லாத உறைகளில் இருக்கின்றன. கையால் எழுதிய பழைய கடிதங்களை வெளிநாட்டினருக்கு அவர் விற்பதில்லை. 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் பிரதிகள் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும் என்பது அவர் சொல்லும் காரணம், எச்சரிக்கையான நிலைப்பாடு. ரசீது முறையாகத் தருகிறார். பொருளின் விவரமும் அட்டையின் எண்ணும் ரசீதில் இருக்கும். போலி என்று நிரூபித்தால் பணம் திரும்பத் தரப்படும் என்றும் எழுதிக் கையெழுத்திடுகிறார்.

வசதிக் குறைகள் சில உண்டு. தமிழ் அட்டைகள் ஆங்கில அட்டைகளைவிடச் சுருக்கமானவை; நேர வேறுபாட்டு விளக்கம் போன்ற நல்ல பகுதிகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. உள்ளூர் வாசகரைக் குறைத்து மதிப்பிடும் இந்தப் பழக்கத்தை அவர் விட வேண்டும். முன்கட்டில் வெளிச்சம் போதாது. மூடுபனி நாட்களில் நாணயத்தின் விளிம்பெழுத்தைப் படிக்கக் கைப்பேசி விளக்கு தேவைப்படும். வண்டி நிறுத்த இடமில்லை. குழந்தைகளோடு போவது நல்லதன்று. பொருட்கள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன, உடைந்தால் விலை கொடுத்தே ஆக வேண்டும்.

பேரம் பேசினால் பத்து சதவீதம் வரை குறைகிறது. ஆனால் அட்டை இணைந்த பொருட்களுக்கு மட்டும் குறைப்பதில்லை. மே மாத மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்த்துவிட்டு, மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வேலைநாள் காலையில் போனால் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். தேயிலைப் பெட்டி வேண்டுமானால், செல் அரித்த பலகையைக் காட்டி விதிவிலக்காகக் குறைத்துத் தரக் கேட்டுப் பாருங்கள். கேர்சொப்பா நாணயம் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அது எப்போதாவதுதான் வருகிறது. லஸ்கார்களைச் சேர்த்த புதிய அட்டை தயாராகிவிட்டதா என்றும் கேட்டு, அதோடு வாங்குங்கள்.